ஆர்.யு.ஆர். நாடகத்தை மறுபடியும் மேடையேற்ற: ஒரு முழுமையான வழிகாட்டி

இயந்திரம் மனிதனின் வேலையை எடுத்துக்கொள்ளுமா என்ற பேச்சு எங்கும் கேட்கிற இந்தக் காலத்தில், நாடகக் குழுக்கள் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' (ரோசுமின் யுனிவர்சல் ரோபோக்கள்) பக்கம் திரும்புவது இயல்புதான். ஆனால் பிரதியைக் கையில் எடுக்கிற பலரும் ரோபோக்களிலிருந்தே தொடங்குகிறார்கள். உடை என்ன, நடை எப்படி, குரலை மாற்ற வேண்டுமா என்று முதல் நாளே யோசனை அங்கே போய்விடுகிறது. நான் சொல்லப்போவது வேறு வழி. இந்த நாடகத்தின் உயிர் அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கும் ஆறு மனிதர்களிடம் இருக்கிறது. தங்கள் வேலையை மனதார நேசிக்கிற, தங்களுக்குள் அன்பாகப் பழகுகிற, பார்வையாளருக்கும் பிடித்துப்போகிற ஆறு பேர். அவர்களைச் சரியாக அமைத்துவிட்டால் ரோபோக்கள் தாமாகவே அச்சம் தருவார்கள்.

முதலில் பிரதி

ஒரு முன்னுரைக் காட்சி, அதன் பிறகு மூன்று அங்கங்கள். இதுதான் அமைப்பு. முன்னுரையை நகைச்சுவையாகவே சாப்பெக் எழுதினார். தீவொன்றில் இருக்கும் ரோசும் தொழிற்சாலைக்கு ஹெலெனா என்ற இளம்பெண் வருகிறாள். ரோபோக்களுக்கு உரிமை கேட்டுப் போராடும் ஓர் அமைப்பின் சார்பில் வந்திருக்கிறாள். முன்னுரை முடியும்போது நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டோமினுக்கு மனைவியாகப்போகிறவள். பத்து ஆண்டுகள் கழித்து முதல் அங்கம்: உலகில் குழந்தை பிறப்பதே நின்றுபோயிருக்கிறது, ரோபோக்கள் கிளர்ந்தெழுந்துவிட்டன. இரண்டாம் அங்கம் முற்றுகை. மூன்றாம் அங்கத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பது அல்குவிஸ்ட் என்ற கட்டடக்காரர் மட்டும்.

செக் மொழி மூலம் 1920இல் அச்சானது. பிராகின் தேசிய அரங்கில் அதிகாரபூர்வமாக அரங்கேறியது 1921 ஜனவரி 25. அதற்குச் சில வாரம் முன்பே, ஜனவரி 2ஆம் தேதி, ஹ்ரடெட்ஸ் க்ராலோவே நகரத்து அமெச்சூர் குழு ஒன்று முந்திக்கொண்டு நடித்துவிட்டது. ஆக, இது முதன்முதலில் மேடை கண்டதே தொழில்முறை அல்லாத நடிகர்களால்தான். சிறிய குழுக்கள் தயங்க வேண்டியதே இல்லை.

பெரும்பாலோர் கைக்கு முதலில் வருவது பால் செல்வரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. நைஜல் பிளேஃபேர் மேடைக்கென்று திருத்திய வடிவம் அது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அதில் பல இடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.  டேமன் என்ற ரோபோ பாத்திரமே காணாமல் போய், அவன் பங்கு கிளர்ச்சியை நடத்தும் ரோபோவான ரேடியஸிடம் சேர்ந்துவிட்டது. இது சிறிய இழப்பு என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் அங்கத்தில், தன் இனம் பிழைக்க வேண்டும் என்பதற்காக உயிரோடு அறுத்துப் பார்க்கத் தன் உடலைக் கொடுப்பவன் டேமன். இரண்டாம் அங்கத்தின் முடிவில் வெற்றியை அறிவித்த அதே ரேடியஸ் மூன்றாம் அங்கத்தில் கத்தியின் கீழ் படுத்தால் கதை வேறு கதையாகிவிடுகிறது. கிளாடியா நோவாக்கின் மொழிபெயர்ப்போ, 2024இல் எம்ஐடி பிரஸ் வெளியிட்ட ஷ்டெபான் சிமெக்கின் மொழிபெயர்ப்போ பக்கத்தில் இருக்கட்டும். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

உரிமை விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். சாப்பெக் 1938 டிசம்பர் 25 அன்று இறந்தார். அதனால் பெரும்பாலான நாடுகளில் செக் மூலத்துக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை. மொழிபெயர்ப்புகளின் கதை வேறு. செல்வர் இறந்தது 1970இல். மொழிபெயர்ப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் நாடுகளில் அவருடைய பிரதி இன்னும் பாதுகாப்பில்தான் இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகளுக்கு எழுத்துமூலம் அனுமதி கட்டாயம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தாலும் அந்த ஆங்கிலப் பிரதியின் உரிமை உங்களைத் தொடரும். சுவரொட்டி அடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

ரோபோ என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

சாப்பெக்கின் ரோபோக்கள் தகரமும் கம்பியும் இல்லை. சதை. தொழிற்சாலைக்குப் பெயர் தந்த விஞ்ஞானி மூத்த ரோசும் கண்டுபிடித்த ஒரு பொருளைத் தொட்டிகளில் மாவாகக் கலந்து, நரம்புகளை நூற்று, குடலையும் எலும்பையும் தனித்தனியே செய்து பூட்டுகிறார்கள். அவர்களுடைய ஆயுள் சுமார் 20 ஆண்டு. முன்னுரையில் ஹெலெனா சுல்லா என்ற ரோபோப் பெண்ணை மனுஷி என்றே நினைக்கிறாள். டோமின் எவ்வளவு சொல்லியும் நம்ப மறுக்கிறாள். அடுத்து உள்ளே வரும் மேலாளர்களை ரோபோக்கள் என்று நினைத்து, 'உங்களை விடுதலை செய்ய வந்திருக்கிறோம்' என்ற தொனியில் பேசிவிடுகிறாள். காட்சியின் நகைச்சுவை முழுக்க இந்த இரட்டைக் குழப்பத்தில் இருக்கிறது. சுல்லாவின் முகத்தில் வெள்ளிச் சாயம் பூசினால் இரண்டும் செத்துப்போகும்.

உடைக்கு சாப்பெக்கே குறிப்பு தந்திருக்கிறார். முன்னுரையில் ரோபோக்கள் சாதாரண மனிதர் உடையில் வருகிறார்கள். அசைவும் பேச்சும் சுருக்கம், முகத்தில் உணர்ச்சி இல்லை, பார்வை ஓரிடத்தில் நிலைத்திருக்கும். அதன் பின் வரும் அங்கங்களில் இடுப்பில் பெல்ட் கட்டிய லினன் சட்டை, மார்பில் எண் பொறித்த பித்தளைத் தகடு. 1921 பிராக் நாடகத்தில் உடைகளை வடிவமைத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப் சாப்பெக், அரங்க அமைப்பு பெட்ரிஷ் ஃபாயர்ஸ்டைன். அந்தத் தோற்றத்தை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் துணி, பித்தளை, மனித முகம் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் தவறான வழிக்குப் போக மாட்டீர்கள்.

அசைவுப் பயிற்சியில் வெட்டி வெட்டி நடப்பதை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். தேவையில்லாத அசைவு எதுவும் இல்லாத உடலைத் தேடுங்கள். மனிதர்கள் பேசும்போது தலையைச் சொறிகிறோம், காலை மாற்றி நிற்கிறோம், சட்டையை இழுத்துவிடுகிறோம். இவை ஒன்றும் இல்லாமல் ஒருவர் கதவைத் திறந்து, கடிதத்தைத் தந்து, காத்திருந்தால் போதும். பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று உடனே புரிந்துவிடும். இதை நடிகர்கள் தினமும் கால் மணி நேரம் பயில வேண்டும். பிறகு மூன்றாம் அங்கத்தில் பிரிமஸ் என்ற ரோபோ முதல்முறையாகத் தேவையில்லாத ஓர் அசைவு செய்யும்போது அரங்கமே கவனிக்கும்.

பேச்சுக்கும் இதே கொள்கை. தமிழில் நடிக்கும் குழுவுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மனிதர்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். ரோபோக்கள் முழு வாக்கியமாக, எழுத்துத் தமிழில் பேசட்டும். ஆனால் குரலில் இயந்திரத் தொனி வேண்டாம், இழுவையும் வேண்டாம். நன்றாகப் படித்த ஒருவர் அறிக்கை வாசிப்பது போன்ற சாதாரணக் குரல் போதும். பிரிமஸும், ஹெலெனாவைப் போலவே செய்யப்பட்ட ரோபோ ஹெலெனாவும் விடியற்காலைக் காட்சியில் மெல்ல மெல்லப் பேச்சுத் தமிழுக்கு இறங்கி வந்தால் அதற்கு மேல் எந்த இசையும் தேவைப்படாது. எந்த வரியில் அந்த மாற்றம் தொடங்குகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து பிரதியில் எழுதிவிடுங்கள்.

ஆறு பேர்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. டோமின் நிர்வாகம், ஃபாப்ரி பொறியியல், டாக்டர் கால் உடலியல் ஆய்வு, ஹாலெமயர் ரோபோக்களின் உளவியலும் கல்வியும், புஸ்மன் வணிகம், அல்குவிஸ்ட் கட்டடம். இவர்களை ஒரே மாதிரி கோட்டுப் போட்ட முதலாளிக் கூட்டமாகக் காட்டுவது மிக எளிது. அப்படிக் காட்டினால் நாடகம் தட்டையாகிவிடும்.

சாப்பெக் 1923இல் தன் நாடகத்தைப் பற்றி எழுதியபோது, இதில் மோதுகிற எல்லாத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்ற கருத்தையே முன்வைத்தார். மனிதனை உடல் உழைப்பின் இழிவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று டோமின் நினைப்பது சரி. உழைப்பில் ஒரு நன்மை இருக்கிறது என்று அல்குவிஸ்ட் நினைப்பதும் சரி. இரண்டும் உண்மையாக இருப்பதில்தான் துயரம் இருக்கிறது. எனவே மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கும் நாட்களில் ஒவ்வொரு நடிகரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உன் பாத்திரம் சொல்வதை நீ முழுதாக நம்பும்படி ஐந்து நிமிடம் எங்களிடம் வாதாட முடியுமா? முடியாதவர் இன்னும் பாத்திரத்துக்குள் போகவில்லை.

டோமினை நடிப்பவருக்கு வசீகரம் வேண்டும். சில நிமிடங்களுக்கு முன் சந்தித்த பெண்ணிடம் கல்யாணம் கேட்கிற அதே வேகத்தில்தான் அவன் உலகத்தையும் மாற்றப் பார்க்கிறான். இரண்டும் ஒரே குணம். பசி இருக்காது, கூலி அடிமை இருக்காது, மனிதன் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள மட்டுமே வாழ்வான் என்று அவன் பேசும்போது பார்வையாளர் தலையசைக்க வேண்டும். எள்ளலோடு நடித்தால் அது நடக்காது.

புஸ்மனைப் பலர் கோமாளியாக்குகிறார்கள். அது அவனுக்குச் செய்யும் அநியாயம். முற்றுகையின் நடுவில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அவன்தான் நாடகத்தின் மிகக் கசப்பான உண்மையைச் சொல்கிறான்: யாருடைய கனவும் இதைச் செய்யவில்லை. ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, நாம் செய்துகொண்டே இருந்தோம். பிறகு கோடிக்கணக்கான பணத்தோடு ரோபோக்களிடம் பேரம் பேசக் கிளம்பி, மின்சாரம் பாயும் வேலியில் கைபட்டு இறந்துபோகிறான். அவனை வேடிக்கையாக்கி வைத்திருந்தால் அந்தச் சாவுக்கு அரங்கம் சிரித்துவிடும். அவன் நண்பர்களுக்காகப் போகிறான் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாலெமயருக்கு ஓர் அழகான இடம் இருக்கிறது. முதல் அங்கத்தில் தபால் கப்பல் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் கால அட்டவணையைப் புகழ்ந்து தள்ளுகிறான். உலகம் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்கிறான். கப்பல் கொண்டுவந்தது ரோபோக்களின் துண்டுப் பிரசுரங்களை மட்டும். அந்த மகிழ்ச்சியை நடிகர் முழு மனதோடு செய்தால்தான் அடுத்த நிமிடம் அடி விழும்.

அல்குவிஸ்ட் கவலை வந்தால் சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குகிறவர். இரண்டாம் அங்கத்தின் முடிவில் ரேடியஸ் அவரை மட்டும் விட்டுவிடுவதற்கும் காரணம் அதுதான்: கையால் வேலை செய்கிறவர். அதனால் அந்த நடிகரின் கைகளுக்கு முதல் அங்கத்திலிருந்தே ஒரு வரலாறு வேண்டும். சுண்ணாம்பும் மண்ணும் படிந்த கைகளோடு அவர் ஹெலெனாவின் வரவேற்பறைக்குள் வரட்டும்.

ஹெலெனா

பிரதியின் பலவீனமான இடம் இது. ஆறு ஆண்களும் அவளைக் கொண்டாடுகிறார்கள், அவளுக்கு நல்ல வாதங்கள் தரப்படவில்லை. ஆனால் நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ரோபோக்களை மாற்றும்படி டாக்டர் காலைக் கேட்டுக்கொண்டவள் அவள். ரோபோ செய்யும் முறை அடங்கிய ரோசுமின் கையெழுத்துப் பிரதியை எரிப்பவள் அவள். பத்து ஆண்டுகளில் இந்த வீட்டில் யார் என்ன செய்தாலும் கதையைத் திருப்பியது அவளுடைய இந்த இரண்டு செயல்கள்தான். எரிக்கும் காட்சியை உணர்ச்சிக் கொந்தளிப்பாக நடத்தாதீர்கள். குழந்தைகள் பிறக்கவில்லை என்ற செய்தியைக் கேட்டு, யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தவளாக அவள் நெருப்பின் முன் நிற்கட்டும். உடனிருக்கும் பணிப்பெண் நானாவை அவசரப்படுத்த வேண்டாம், காகிதம் எரிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கொடுங்கள். இரண்டாம் அங்கத்தில் டோமின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பார்வையாளருக்கு அந்த நெருப்பு நினைவில் இருக்க வேண்டும்.

மூன்றாம் அங்கத்தின் ரோபோ ஹெலெனாவை அதே நடிகையே செய்வது நல்லது. அவளைப் போலவே டாக்டர் கால் உருவாக்கிய ரோபோ என்பதால் கதையும் அதைக் கேட்கிறது.

ஆட்கள், நேரம், வெட்டு

பேசும் பாத்திரங்கள் 14 வரை வரும். ரோபோக் கூட்டத்துக்கு ஆறு பேர் இருந்தால் போதும், எட்டு இருந்தால் வசதி. முன்னுரையில் வரும் மாரியஸ், சுல்லா நடிகர்கள் பின்னால் கூட்டத்தில் சேரலாம். வசனமில்லாத ரோபோ வேடத்தைக் கடைசி ஆளுக்குக் கொடுப்பது என்ற பழக்கம் வேண்டாம். 1922 அக்டோபரில் நியூயார்க்கில் தியேட்டர் கில்ட் என்ற நாடக அமைப்பு இதை நடத்தியபோது அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் ஒருவர், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஸ்பென்சர் டிரேசி. அசையாமல் நிற்பதற்கு நல்ல நடிகர் வேண்டும்.

முழுப் பிரதியை அப்படியே நடித்தால் இரண்டரை மணி நேரத்தை எளிதாகத் தாண்டும். குறைக்க வேண்டுமென்றால் இரண்டாம் அங்கத்தில் நிலைமை மோசம் என்று பலர் பல வகையில் சொல்லும் பேச்சைச் சுருக்குங்கள். டோமினின் கனவுப் பேச்சு, புஸ்மனின் ஆர்டர் கணக்கு, அல்குவிஸ்டின் பிரார்த்தனை, டாக்டர் காலின் ஒப்புதல் ஆகிய நான்கையும் தொடாதீர்கள். இடைவேளையை முன்னுரை முடிந்ததும் ஒன்று, இரண்டாம் அங்கம் முடிந்ததும் ஒன்று என்று சாப்பெக் குறித்திருக்கிறார். ஒன்றுதான் விட முடியும் என்றால் இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அங்கங்களும் ஒரே அறையில், ஒரே மூச்சில் ஓட வேண்டியவை.

அரங்கமும் ஒளியும்

மூன்று இடங்கள்தான்: அலுவலகம், ஹெலெனாவின் வரவேற்பறை, ஆய்வுக்கூடம். அலுவலகச் சுவரில் மலிவான உழைப்புக்கான விளம்பரங்கள், கப்பல் அட்டவணை, கடிகாரம். இன்னொரு பக்கம் கம்பளம், சோஃபா, புத்தக அலமாரியில் புத்தகத்துக்குப் பதில் மதுப் புட்டிகள். இந்தச் சின்ன விவரத்தை விட்டுவிடாதீர்கள், நிர்வாகத்தின் மனசு அந்த அலமாரியில் தெரிகிறது. 1923இல் பெர்லினில் அரங்க வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் கீஸ்லர் திரைப்படக் காட்சிகளையும் அசையும் இயந்திரச் சுவரையும் வைத்து அரங்கம் அமைத்தார், அது வரலாற்றில் இடம்பிடித்தது. உங்களிடம் அவ்வளவு வசதி இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே முடிவில்லாத தொழிற்சாலைக் கட்டட வரிசை ஒன்று தெரிந்தால் போதும்.

பணத்தை ஒளியில் போடுங்கள். இரண்டாம் அங்கத்தில் மின்நிலையம் இன்னும் மனிதர் கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம் எரியும் விளக்கு. ஃபாப்ரி அதைப் பார்த்துப் பேசுகிறான். விளக்கு அணைந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஆகவே மேடையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு நிஜ விளக்கு வேண்டும். மேலிருந்து வரும் பொது ஒளியை அந்த அங்கம் தொடங்கியதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் கவனிக்காதபடி இறக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் அறையின் வெளிச்சம் முழுதும் அந்த விளக்கிலிருந்து மட்டும் வருவது போல இருக்கட்டும். அப்போது அது அணைவதற்கு வெடிச்சத்தம் எதுவும் வேண்டாம். இந்த ஒளிமாற்றத்தை மட்டும் தனியாகப் பலமுறை ஒத்திகை பாருங்கள்.

கணினித் திரை, செய்தி ஒளிப்படம், இன்றைய நிறுவனங்களின் பெயர் என்று நிகழ்காலத்தை ஒட்டவைக்கும் ஆசை எந்தக் குழுவுக்கும் வரும். என் தீர்மானமான கருத்து: சேர்க்காதீர்கள். 1920இல் எழுதிய வரியைக் கேட்டு இது நம் கதையாயிற்றே என்று பார்வையாளர் தானே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை நாம் முந்திக்கொண்டு பறித்துவிடக்கூடாது.

ஒத்திகையின் வரிசை

எட்டு வாரம் இருந்தால் முதல் இரண்டு வாரம் மேசையைச் சுற்றிப் படிப்பு, கூடவே அசைவுப் பயிற்சி. அப்புறம் நேராக மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். வழக்கமாகக் கடைசி அங்கத்துக்குக் கடைசியில்தான் நேரம் கிடைக்கிறது, அதனாலேயே அது பாதி வெந்ததாக மேடைக்கு வருகிறது. இங்கே அது ஆபத்து. அல்குவிஸ்ட் ஏறக்குறைய தனியாக அந்த அங்கத்தைச் சுமக்கிறார். பக்கத்து அறையில் டேமன் அறுக்கப்படுவதைப் பார்வையாளர் பார்ப்பதில்லை, அலறலையும் பின்பு அவருடைய கைகளையும் மட்டும் பார்க்கிறார்கள். பிறகு அதே மனிதர் பிரிமஸையும் ரோபோ ஹெலெனாவையும் சோதிக்கிறார்: ஒருவரை அறுக்கப்போவதாகச் சொல்ல, மற்றவர் 'என்னை எடுத்துக்கொள்' என்கிறார். இந்தச் சோதனையில் அல்குவிஸ்டுக்கு முன்கூட்டியே பதில் தெரிந்ததுபோல நடித்தால் முடிவு இனிப்பாகிவிடும். அவருக்கு ஒவ்வொரு பதிலும் அதிர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த ஜோடிக்குக் குழந்தை பிறக்குமா என்று பிரதி உறுதி சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். இறுதியில் அவர் விவிலியத்தின் படைப்பு அத்தியாயத்தைப் படிக்கும்போது அங்கங்கே தடுமாறலாம். மேடைப் பேச்சாக முழங்குவது ஒத்தே வராது.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் முதல் இரண்டு அங்கங்களுக்கு. முன்னுரையை ஆறாம் வாரம் எடுங்கள். அதற்குள் ஆறு நடிகர்களுக்கும் ஒருவர் மற்றவர் எப்படிச் சாகப்போகிறார் என்பது உடம்பில் ஏறியிருக்கும். அந்த நெருக்கத்தோடு நகைச்சுவைக்கு வந்தால் சிரிப்பில் ஒரு பாசம் சேர்ந்துவிடும். முன்னுரையை வேகமாக நடத்துங்கள். மாரியஸ், சுல்லா என்ற ரோமானியப் பகைவர்களின் பெயர்களைக் காதலர் பெயரென்று நினைத்துச் சூட்டியதாக டோமின் சொல்லும் இடம் ஒரு நொடி தாமதித்தால் விழுந்துவிடும். ஏழாம் வாரம் முழு ஓட்டம், எட்டாம் வாரம் ஒளி, ஒலி, உடையோடு டெக்னிக்கல் ஒத்திகை.

நாடகம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. நல்ல சிரிப்புக் கிடைத்துவிட்டால் நடிகர்கள் முன்னுரையை நீட்டத் தொடங்குவார்கள். சுல்லாவாக நடிப்பவர் தன்னையறியாமல் ஒரு சின்னப் புன்னகையைச் சேர்த்துவிடுவார். மேடை மேலாளர் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னுரையின் நேரத்தைக் குறித்து வைக்கட்டும். முதல் காட்சியைவிட இரண்டு நிமிடம் கூடினால், மறுநாள் மேடை ஏறுமுன் அதை மட்டும் வசன ஓட்டமாக ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சுல்லாவுக்கு அசைவுப் பயிற்சியின் அந்தக் கால் மணி நேரம் கடைசிக் காட்சி வரை நிற்கக்கூடாது.